பச்சை வண்டியும் பாட்டியும்

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் திரும்பினால், தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்கு வளைவுகள்தான். லாத்தா இஸ்கண்டார் அருவியில் வண்டியை நிறுத்தி முகம் கழுவி, ஓராங் அஸ்லி மக்கள் சாலையோரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பெத்தாய்க்காயில் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏறுவோம். ஜன்னல் வழியாகக் குளிர் உள்ளே வரத் தொடங்கும்போது ரிங்லெட் வந்துவிடும். அங்கிருந்துதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு ஆரம்பம். ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் போய்ச் சேர்வதற்குள் யார் அதிக லேண்ட்ரோவரை முதலில் பார்த்துச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம். தோற்றவர் காசு கொடுக்க வேண்டும். எங்களிடம் ஏது காசு? கடைசியில் மாமாதான் கொடுப்பார்.

கேமரன் போய் வந்த எல்லோருக்கும் அந்த வண்டிகளைத் தெரிந்திருக்கும். முட்டைக்கோசும் தக்காளிக் கூடைகளும் கூரையைத் தாண்டி ஏற்றப்பட்டிருக்கும். கதவு ஒரு நிறம், முன்பக்கம் வேறு நிறம். சில வண்டிகளுக்குக் கதவே இருக்காது. தோட்டத்துச் செம்மண் பாதையில் நம் கார்கள் பாதி தூரம்கூடப் போக முடியாத மேட்டில் அவை சாவகாசமாக ஏறிக்கொண்டிருக்கும். மலேசியாவில் பழைய லேண்ட்ரோவர்கள் இத்தனை நெருக்கமாக ஓடும் இடம் வேறு இல்லை. சுற்றுலாப் பயணிகள் தேயிலைத் தோட்டத்தைப் படம் எடுப்பார்கள். நான் சின்ன வயதிலிருந்து இந்த வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலை மைக்கின் முன் உட்கார்ந்து உங்களைச் சிரித்த முகத்தோடு வேலைக்கு அனுப்புவது என் தொழில். கடந்த ஆண்டு, எட்டு மாதங்களுக்கு, வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் நேராக மலையேறிவிடுவேன். நண்பர்கள் என்னென்னவோ சந்தேகப்பட்டார்கள். உண்மையில் நான் மாமாவின் பட்டறையில் ஒரு பழைய ராணுவ லேண்ட்ரோவருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன்.

மணலில் வரைந்த வண்டி

லேண்ட்ரோவர் பிறந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். பிரிட்டனின் ரோவர் நிறுவனத்தில் தலைமை வடிவமைப்பாளராக இருந்த மோரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே அவர் ஓட்டியது அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற பழைய ஜீப். அது பழுதாகிவிட்டால் அதற்குப் பதிலாக வாங்க வேறு வண்டி இல்லை. அப்படியானால் நாமே செய்தால் என்ன என்ற எண்ணத்தில், அந்தத் தீவின் கடற்கரை மணலில் அவர் முதல் வடிவத்தைக் கோடு போட்டுக் காட்டியதாகச் சொல்வார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் லேண்ட்ரோவர் அறிமுகமானது.

போருக்குப் பிறகு பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குப் பஞ்சம். அதனால் உடல் பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வேறு வழியில்லாமல் செய்தது பிற்காலத்தில் பெரிய வரமாகிவிட்டது. கேமரன் மழையிலும் பனியிலும் 60 ஆண்டு கிடந்தாலும் அலுமினியம் துருப்பிடித்து உதிராது. துருப்பிடிப்பது அடியில் இருக்கும் இரும்புச் சேசிஸும், இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் உள்ள இரும்புச் சுவரும்தான்.

விவசாயிகளுக்காக வந்த வண்டியை பிரிட்டிஷ் ராணுவம் அடுத்த ஆண்டே வாங்கத் தொடங்கியது. ராணுவம் போன இடமெல்லாம் வண்டியும் போனது. மலாயாவில் அவசரகாலம், பிறகு 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் நடந்த மோதல் என்று நம் மண்ணிலும் அவற்றுக்கு வேலை இருந்தது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் பெரும்பாலும் இங்கிருந்து கிளம்பின. ராணுவமும் அரசாங்க இலாகாக்களும் கழித்துக் கட்டிய வண்டிகள் ஏலத்துக்கு வந்தபோது கேமரன் காய்கறி விவசாயிகள் வாங்கிக்கொண்டார்கள் என்று மலையில் உள்ள பெரியவர்கள் சொல்வார்கள். விவசாயிக்காகப் பிறந்த வண்டி, ராணுவத்துக்குப் போய்விட்டு, மறுபடியும் விவசாயியிடமே வந்து சேர்ந்தது.

மாமாவின் பட்டறை

என் தாய்மாமாவுக்கு வயது 60ஐத் தாண்டிவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, 15 வயதில் ஒரு சீனரின் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஸ்பேனர் பிடித்து, போர்மேன் ஆனவர். ரிங்லெட்டில் அவருக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை. மூன்று வண்டி நிறுத்தலாம். நான்காவது வண்டி மழையில் நிற்கும்.

பட்டறையின் பின்புறம் ஒரு கித்தான் துணிக்கு அடியில் பல ஆண்டுகளாக ஒரு நீல நிற லேண்ட்ரோவர் கிடந்தது. பெர்த்தாம் வேலியில் தோட்டம் போட்ட ஒரு சீனத் தவுக்கே, 2018இல் புது ஹைலக்ஸ் வாங்கியபோது அதை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். 1972இல் அவர் பெயரில் பதிவான வண்டி. 46 ஆண்டு கோசு சுமந்திருக்கிறது.

"இத என்ன செய்யப் போறீங்க மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரிட்டையர் ஆனப்புறம் பார்க்கலாம்னு வச்சிருக்கேன் பாப்பா."

"நீங்க எப்ப ரிட்டையர் ஆவப் போறீங்க?"

"அதான் தெரியல."

அந்தப் பதிலில்தான் எங்கள் எட்டு மாத வேலை தொடங்கியது.

பழைய லேண்ட்ரோவர் வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு மாமா சொல்லும் முதல் பாடம் இது. வண்டியின் பளபளப்பைப் பார்க்காதே. சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் போ. சேசிஸை மெல்லத் தட்டினால் 'டங்' என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. 'டப்' என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே துருதான் இருக்கிறது. எங்கள் வண்டி முன்பக்கம் டங், பின்பக்கம் டப். பின்பகுதியை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக வெல்டிங் செய்ய ஐந்து வாரம் ஆனது.

இது சீரிஸ் 2ஏ வகை. 1961 முதல் 1971 வரை தயாரித்தார்கள். விளக்குகள் இரண்டும் நடுவில், கிரில்லுக்குள் ஒட்டி இருந்தால் பொதுவாக அது 1960களின் இறுதிக்கு முந்தியது. இன்ஜின் 2,286 சிசி பெட்ரோல். கணினி, சென்சார் எதுவும் கிடையாது. ஒவ்வொரு திருகும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை ஆரம்பப் பாடம் என்பார் மாமா. எண்ணெய் ஒழுகுவதைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. "ஒழுகுதுன்னா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். ஒழுகலன்னாத்தான் பயப்படணும்" என்று சொல்லிவிட்டு அடியில் ஒரு பழைய மீலோ டின்னை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

நம்ம ஆள்தான்!

மூன்றாவது மாதம் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முன் இறக்கையில், மட்கார்டுக்கு மேலே, தகடு வைத்து அடைக்கப்பட்ட சில துளைகள் இருந்தன. பின்னால் உட்காரும் இடத்தில் ஒரு மேசையைத் திருகி வைத்திருந்ததற்கான தடம். இன்ஜினில் ஸ்பார்க் பிளக் வயர்களுக்கு இரும்புக் கவசம். மாமா அவற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா, இது உங்க ஆளுதான். ரேடியோ வண்டி!"

ராணுவத்தில் சில லேண்ட்ரோவர்களை வானொலிக் கருவி பொருத்துவதற்கென்றே தயாரித்தார்கள். இறக்கையில் ஏரியல், பின்னால் கருவி வைக்கும் மேசை, கூடுதல் பேட்டரிகள். சாதாரண வண்டியில் 12 வோல்ட் மின்சாரம் என்றால் இவற்றில் 24 வோல்ட். நிறுத்தி வைத்த வண்டியிலும் இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு பேட்டரியை நிரப்ப, கையால் இழுக்கும் ஒரு பிடி உண்டு. பிளக் வயருக்கு எதற்குக் கவசம்? இன்ஜினில் ஒவ்வொரு முறை தீப்பொறி பறக்கும்போதும் அது வானொலியில் 'டிக் டிக்' என்று இரைச்சலாகக் கேட்கும். அந்த இரைச்சல் வெளியே போகாமல் மூடி வைப்பதற்குத்தான். தவுக்கே 24 வோல்ட்டைக் கழற்றி 12 வோல்ட்டாக மாற்றியிருந்தார். கவசத்தை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்தபோது ஒலி இரைச்சலைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் பாடம் எடுத்தார்கள். அது எனக்குப் புரிந்தது அந்தப் பட்டறையில்தான்.

ஓட்டக் கற்றுக்கொண்டதும் தனிக் கதை. இந்த வண்டியில் முதல் இரண்டு கியரும் நம் இன்றைய கார்களைப் போலத் தானாக இணங்கி வராது. கிளட்சை மிதித்து, கியரை நடுவில் விட்டு, கிளட்சை விட்டு, மறுபடியும் மிதித்துத்தான் போட வேண்டும். கீழ் கியருக்கு வரும்போது நடுவில் எண்ணெயைக் கொஞ்சம் மிதிக்க வேண்டும். நேரம் தவறினால் 'கர்ர்' என்று ஊருக்கே கேட்கும். இதைத் தவிர மஞ்சள் குமிழ் ஒன்று, சிவப்புக் குமிழ் ஒன்று. மஞ்சளை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்பைப் பின்னுக்கு இழுத்தால் வண்டி ஆமை வேகத்துக்கு வரும், ஆனால் யானை பலம் கிடைக்கும். முதல் நாள் ரிங்லெட் கடைத்தெருவில் மூன்று முறை 'கர்ர்' என்றேன். தே தாரே குடித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் எழுந்து நின்று கைதட்டினார்.

நீலத்துக்கு அடியில் பச்சை

வண்ணத்துக்கு வருகிறேன். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். மேலே நீலம். அதற்கடியில் இன்னொரு நீலம். அதற்கும் அடியில் கரும்பச்சை, ராணுவப் பச்சை. பின்பக்கக் கதவில் இன்னும் மெல்லத் தேய்த்தபோது வெள்ளை எழுத்து தெரிந்தது. இரண்டு எண், இரண்டு எழுத்து, மறுபடியும் இரண்டு எண். பிரிட்டிஷ் ராணுவப் பதிவு எண் அந்த வரிசையில்தான் இருக்கும். மாமா உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய ராணுவ வண்டிகளைச் சீர்செய்பவர்களுக்கு ஓர் எழுதாத விதி உண்டு. தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே கொண்டுவர வேண்டும். சரியான பச்சை, சரியான எழுத்து, பக்கவாட்டில் மண்வெட்டியும் கோடரியும் மாட்டும் பிடி, பின்னால் இழுவைக் கொக்கி. எல்லாம் பொருந்தினால் அந்த வண்டிக்குத் தனி மரியாதை. மெர்டேக்கா மாதத்தில் பழைய வண்டிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து கொடி கட்டி வரிசையாகப் போவார்கள். மாமாவுக்கு அதில் பச்சை வண்டியோடு போக ஆசை. எனக்கும்தான். ஈப்போவில் பெயிண்ட் கலந்து வாங்கிக்கொண்டு வந்து ஒரு பக்கக் கதவுக்கு அடித்தும் பார்த்துவிட்டோம். பளபளப்பு இல்லாமல், ஆழமாக, மழை நேரத்துக் காடு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பாட்டி பட்டறைப் பக்கம் வந்தார். மாமாவுக்கு அம்மா, என் அம்மாவுக்கும் அம்மா. 85 வயது. தினமும் 10 மணிக்கு மாமாவுக்குத் தே ஓ கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் வண்டி வந்திருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போவார். அன்று கதவைப் பார்த்தார். தே ஓவை வைத்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

மதியம் சாப்பிடும்போது கேட்டேன். "வண்டி எப்படி இருக்கு பாட்டி? முதல் ரவுண்டு உங்களத்தான் ஏத்திக்கிட்டுப் போவப் போறோம்."

"நான் ஏற மாட்டேன்."

"ஏன்?"

"அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்டி. சாப்பிடு."

சோறு கொட்டிய காலை

பாட்டி பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் நாம் பள்ளிப் பாடத்தில் படித்தவை. 1960 ஜூலை 31ஆம் தேதிதான் அது முடிவுக்கு வந்தது. 12 ஆண்டுகள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் ஆள்பலமும் போகாமல் தடுப்பதற்காக ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். கேமரனிலும் சில கிராமங்கள் அப்படி உருவானவைதான். தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். ஊரடங்கு, அடையாள அட்டை, அரிசிக்குக் கட்டுப்பாடு. பால் வெட்டப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகத் தடை.

இதையெல்லாம் நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். வானொலியில் மெர்டேக்கா மாதத்துக்காக எத்தனையோ பெரியவர்களைப் பேட்டி கண்டிருக்கிறேன். என் வீட்டில் இருக்கும் பாட்டியை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் கேட்டேன். கைப்பேசியில் பதிவு செய்யப் போனேன். "அத அணைச்சிடு" என்றார். அணைத்துவிட்டேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

அவருக்கு அப்போது பத்து வயது. அவருடைய அம்மாவுக்குக் காய்ச்சல். இரவு சரியாகச் சாப்பிடவில்லை. அப்படியும் விடிகாலையில் பால் வெட்டப் போய்விட்டார். பசியோடு மயங்கி விழுந்துவிடுவாரோ என்று பயந்து, பாட்டி ஒரு சின்னத் தூக்குச் சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். கேட்டில் ஒரு பச்சை வண்டி நின்றது. ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், இரண்டு மத்தா. கண்டுபிடித்துவிட்டார்கள். சட்டியைக் கவிழ்த்து, வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொட்டினார்கள்.

"அடிச்சாங்களா பாட்டி?"

"அடிக்கல. அந்தப் பையன், சின்னப் பையன்தான், மூஞ்சி செவந்து போச்சி அவனுக்கு. காலி சட்டிய என் கையிலயே குடுத்தான். சோறு மட்டும் மண்ணுல கெடந்துச்சி. எங்க அம்மா அன்னிக்கு வெறும் வயித்தோட வேல செஞ்சிச்சி."

சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "ராத்திரியில காட்டுக்காரங்க வருவாங்கன்னு பயம். பகல்ல இவங்க பயம். அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே ஏதோ ஒரு வீட்டுல ஒரு ஆள் கொறையப் போவுதுன்னு அர்த்தம். ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கு."

நான் ஒரு தவறு செய்தேன். படித்த புத்தி. "பாட்டி, இந்த வண்டி 1961க்கு அப்புறம் செஞ்சது. எமர்ஜென்சி 1960லேயே முடிஞ்சிடுச்சி. நீங்க பார்த்த வண்டி இது இல்ல" என்றேன்.

பாட்டி என்னைப் பார்த்தார். "பச்சை பச்சைதானடி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எது அசல்?

அடுத்த இரண்டு வாரம் வண்டியில் யாரும் கை வைக்கவில்லை. நான் கோலாலம்பூரில் இருந்தாலும் மனம் அதிலேயே இருந்தது. இது வெறும் பொழுதுபோக்கு, பாட்டியின் மனத்துக்காக விட்டுவிடலாம் என்று ஒரு பக்கம். மறைத்தால் மட்டும் நடந்தது இல்லாமல் போய்விடுமா, பச்சையாகவே நிறுத்திப் பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்வதுதானே நியாயம் என்று மறுபக்கம். போர்ட்டிக்சனில் உள்ள ராணுவ அருங்காட்சியகத்தில் வெளியே வரிசையாகப் பழைய ராணுவ வண்டிகள் நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போய் நாமும்தானே படம் எடுக்கிறோம்? அது தவறா? தவறு இல்லை. ஆனால் அருங்காட்சியக வண்டி எந்தப் பாட்டியின் வீட்டு வாசலிலும் நிற்பதில்லை.

பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஒரு சனிக்கிழமை, வண்டியை விற்ற தவுக்கே தன் ஹைலக்ஸுக்குப் பிரேக் பார்க்க வந்தார். பச்சைக் கதவைப் பார்த்து மலாயில் கேட்டார், "என்னுடைய நீலம் எங்கே?"

ஏன் நீலம் அடித்தீர்கள் என்று கேட்டேன். ஏதாவது பெரிய காரணம் இருக்கும் என்று நினைத்தேன். "தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கிய பெயிண்ட் மிச்சம் இருந்தது" என்றார். பிறகு அந்த வண்டியின் வரலாற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். இந்தப் பள்ளம் தக்காளிக் கூடை விழுந்து ஆனது. இந்த ஒட்டு, மழையில் மலைச்சரிவில் வழுக்கியபோது போட்டது. மகள் பிறந்த இரவு மனைவியைத் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோனது இதில்தான். தோட்டத்துத் தமிழர் ஒருவரின் கல்யாண ஊர்வலத்துக்கும் இரவல் போயிருக்கிறது.

அவர் போனதும் மாமா விரல் விட்டு எண்ணினார். "ராணுவத்துல இருந்தது மிஞ்சிப்போனா எட்டு வருஷம். கோசு ஏத்துனது 46 வருஷம். அப்ப எதுடா அசலு?"

நான் பதில் சொல்வதற்குள் நீலப் பெயிண்ட் டின்னைத் தேடிப் போய்விட்டார்.

கடைசியில் வெளிப்பக்கம் நீலம்தான். தவுக்கேயின் அதே தண்ணீர்த்தொட்டி நீலம். தக்காளிக் கூடைப் பள்ளத்தையும் தட்டி எடுக்கவில்லை. உள்பக்கம், வானொலி மேசை இருந்த இடத்தில், பழைய பச்சையை அப்படியே விட்டுவிட்டோம். பின்கதவின் உட்புறம் அந்த ராணுவ எண்ணைச் சின்னதாக எழுதி வைத்தார் மாமா. கேட்கிறவர்களுக்குத் திறந்து காட்டலாம். பழைய வண்டிக்காரர்கள் சிலர் வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, கெடுத்துட்டீங்களே பாஸ்" என்றார்கள். மாமா சிரித்துக்கொண்டே அவர்களுக்குத் தே ஓ கொடுத்தார்.

போக விரும்புவோருக்கு

லேண்ட்ரோவரில் ஏற நீங்கள் ஒன்றை வாங்க வேண்டியதில்லை. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் அரைநாள் சுற்றுலா ஏற்பாடு செய்கிறார்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டுக்கும், வழியில் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூட்டிப் போவார்கள். பாசிக்காடு சில நேரம் மூடப்படுவதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் குளிராடை அவசியம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், குலுக்கல் அப்படி.

வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பிரிஞ்சாங், கியா பார்ம் பக்கம் நெரிசல் கடுமையாக இருக்கும். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்குச் சிம்பாங் பூலாய் சாலை வசதியானது, வளைவுகள் குறைவு. வளைவுகள் தலைசுற்ற வைத்தாலும் எனக்குத் தாப்பா சாலைதான் பிடிக்கும்.

வாங்கியே தீர வேண்டும் என்பவர்களுக்கு: கிராண்ட் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். சுத்தியல் கொண்டுபோங்கள். நீங்கள் நினைக்கும் செலவை இரண்டால் பெருக்குங்கள். மாமா கூலி வாங்காமலேயே எங்களுக்கு ஏறக்குறைய 14,000 வெள்ளி ஆனது. வேலையைத் தொடங்கும் முன் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் அதைக் கடைசியில்தான் கேட்டோம்.

முதல் பயணம்

சாலை வரியும் காப்புறுதியும் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினோம். பாட்டியை யாரும் அழைக்கவில்லை. அவர் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். பச்சையைப் பார்த்திருப்பார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்.

"நான் கொழுந்து பறிச்ச தோட்டத்துக்கு இது போவுமா?"

"போவும் பாட்டி."

"இரு, வரேன்" என்று உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து, சேலை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு தூக்குச் சட்டியோடு வந்தார். மாமா ஒரு முக்காலியைப் போட்டு அவரை முன் இருக்கையில் ஏற்றினார். சட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

நான் ஓட்டினேன். மேட்டில் முதல் கியருக்கு மாற்றும்போது ஒரு 'கர்ர்' வந்தது. பாட்டி திடுக்கிட்டார். பிறகு, "ஒழுங்கா ஓட்டத் தெரியாதா ஒனக்கு?" என்றார். தோட்டத்து மேட்டில் வண்டியை நிறுத்தி, தேயிலை மணக்கும் காற்றில், மூன்று பேரும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பு.

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதிக்கோ. பேரு மட்டும் போடாத" என்றார். போடவில்லை பாட்டி.